தேயிலை மலையில் மாலைப் பொழுது

இரவு வாழ்க்கை என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை நகரங்களே. சங்க காலத்திலும் நிலை இதுவாகவே இருந்தது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் நாளங்காடியைக் காட்டியதோடு நில்லாமல் அல்லங்காடியையும் காட்டுகிறது. இரவின் ஒவ்வொரு சாமத்திலும் அந்நகரில் யார் உறங்கினர், யார் விழித்திருந்தனர் என்பதை அது முறையாகச் சொல்லிச் செல்கிறது. நம் காலத்திற்கு அண்மையில் வந்தால், 1923-இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘நியூ வேர்ல்டு’ கேளிக்கைப் பூங்காவும், அதன் பின் எழுந்த ‘கிரேட் வேர்ல்டு’, ‘ஹேப்பி வேர்ல்டு’ ஆகியவையும், கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் பூங்காவும் நினைவுக்கு வரும். மலாய் பங்சவான் நாடகம், சீன இசைநாடகம், திரைப்படம், குத்துச்சண்டை, நடனம் ஆகிய அனைத்தும் மின்விளக்கின் கீழ் ஒரே மதிலுக்குள் நடைபெற்ற இடங்கள் அவை.

ஆயினும், மலாயாவுக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் நகரத்தார் அல்லர், தோட்டத்தார். அவர்களுடைய மாலைப் பொழுது எவ்வாறு கழிந்தது? பகல் முழுவதும் பிறர்க்கு உழைத்த மக்களுக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள எஞ்சியிருந்தது அந்தச் சில நாழிகைகள்தாமே? அவற்றை யார் ஆண்டார்கள்? இவ்வினாக்களை முன்வைத்துப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் முல்லைக்கு மாலையையும், குறிஞ்சிக்கு யாமத்தையும் சிறுபொழுதாக வகுத்தார். கேமரன் மலை குறிஞ்சி நிலம். இலக்கணம் சொல்லும் யாமம் அங்கும் உண்டு, பனியும் உண்டு, குளிரும் உண்டு. ஆனால் அந்த யாமத்தில் காத்திருந்தவர்கள் தலைவனும் தலைவியும் அல்லர். விடியற்காலைப் பிரட்டுக்கு எழ வேண்டிய உழைப்பாளிகள்.

ஓய்வுக்காக அமைந்த மலை

கேமரன் மலை என்னும் பெயர், 1885-இல் அப்பகுதியை அளந்து சென்ற அரசாங்க நிலஅளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரால் வந்தது. அவர் கண்ட மேட்டுநிலம் நாற்பது ஆண்டுகள் ஏட்டளவிலேயே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே சென்று பார்த்த பிறகே, அதனை ஆங்கிலேயர்க்கு உரிய மலைவாழிடமாக ஆக்கும் எண்ணம் உருப்பெற்றது. உதகமண்டலமும் நுவரெலியாவும் எவ்வாறு தோன்றினவோ அவ்வாறே இதுவும் தோன்றியது. சமவெளியின் வெப்பத்திலிருந்து தப்பி வருவோர்க்குக் குளிர்ந்த காற்றும், குழிப்பந்து மைதானமும், கணப்பு அடுப்பு எரியும் விடுதிகளும் அங்கே வேண்டியிருந்தன. இங்கிலாந்து நாட்டுப்புற வீட்டின் சாயலில் கட்டப்பட்ட ஸ்மோக்ஹவுஸ் விடுதி இன்றும் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே அக்காலத்தின் சான்றாக நிற்கிறது.

மலைப்பாதை போடப்பட்டுவந்த அதே காலத்தில் தேயிலையும் மேலேறியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்பவரைத் துணைகொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் இந்தியர் ஒருவரின் முயற்சியால் பாரத் தோட்டம் தோன்றியது. சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய பெயர்களும் இவ்வரிசையில் சேர்ந்தன.

இங்கே ஒரு கணக்கை மாணவர்கள் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். தோட்டங்கள் தோன்றியது 1929-க்குப் பின். உலகப் பொருளாதார மந்தத்தால் 1930-களின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டு, வேலையிழந்தோர் பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளரை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதற்கே தடை விதித்தது. ஆகவே, இரப்பர் தோட்டங்களுக்கு இருந்தது போன்ற நெடிய கங்காணிக் காலம் தேயிலை மலைக்கு இல்லை. நேராக ஊரிலிருந்து ஆள் வருவதற்குத் திறந்திருந்த வாயில் மிகக் குறுகியது. அதற்குள் வந்து சேர்ந்த குடும்பங்களும் அவர்தம் வழிவந்தோருமே இம்மலையின் தமிழ்ச் சமுதாயமாக வேரூன்றினர்.

மற்றொன்றையும் கூறவேண்டும். கேமரன் மலை பகாங்கில் இருந்தாலும் அதற்கு வழி பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்துதான் சென்றது. அறுபது கிலோமீட்டர்த் தொலைவு; வளைவுகளோ எண்ணில. நாளேடு வந்தாலும், நாடகக் குழு வந்தாலும், படச்சுருள் வந்தாலும் அந்த ஒரே பாதையில்தான் ஏறி வர வேண்டும். சமவெளித் தோட்டத்துக்கு ஒரு நாளில் எட்டும் புதுமை, மலைக்கு எட்ட மேலும் பொழுதாயிற்று.

ஆக, ஓய்வுக்கென்றே அமைக்கப்பட்ட மலை அது. அந்த ஓய்வு யாருக்கு என்பதுதான் கேள்வி. விடுதியின் கணப்பருகே அமர்ந்திருந்தவர் பருகிய தேநீர், கீழே லயங்களில் குளிரில் ஒடுங்கியிருந்தவர் பறித்த கொழுந்திலிருந்து வந்தது. ஒரே மலையில் இரண்டு மாலைப் பொழுதுகள் இருந்தன.

பகலின் நீளமும் மாலையின் அளவும்

இரப்பர்த் தோட்டத்தின் நாளும் தேயிலைத் தோட்டத்தின் நாளும் ஒன்றல்ல. பால் வெட்டுவோர் விடியுமுன் எழுவர். குளிர்ந்த வேளையிலேதான் மரம் பால் சுரக்கும் என்பதால், வெட்டி முடித்துப் பாலை எடுத்து நிறுத்துக் கொடுக்கும்போது நண்பகலோ பிற்பகலோ ஆகிவிடும். அதன்பின் காய்கறித் தோட்டம் போடவும், ஆடு மாடு பார்க்கவும், மாலைக் கூட்டத்திற்குச் செல்லவும் சிறிது பொழுது கிடைக்கும். கொழுந்து பறிப்போர் நிலை வேறு. காலைப் பிரட்டில் பெயர் கொடுத்து மலைச்சரிவில் ஏறினால், கூடை நிறைய நிறைய நிறுவைக்குக் கொண்டுவந்து, மீண்டும் சரிவேறி, வெளிச்சம் மங்கும் வேளையிலேதான் லயத்துக்குத் திரும்புவர். மழை பெய்தாலும் கொழுந்து காத்திராது. உரிய நாளில் பறிக்காவிடில் இலை முற்றிவிடும்.

அதன்பின்னும் மலை உறங்கிவிடுவதில்லை. பறித்த இலையை அன்றிரவே தட்டுகளில் பரப்பி வாட்டுதல் வேண்டும். ஈரம் குறைந்து இலை துவளப் பல மணிநேரம் ஆகும். பிறகு உருட்டுதல், புளிக்கவிடுதல், உலர்த்துதல். எனவே தொழிற்சாலையின் விளக்கு இரவிலும் எரியும். விசிறிகளின் ஓசை பள்ளத்தாக்கில் கேட்டுக்கொண்டிருக்கும். தேயிலை மலையின் முதல் ‘இரவு வாழ்க்கை’ அந்த ஆலையின் இரவுவேலைதான்.

பெண்டிரின் மாலையைத் தனியே சொல்லவேண்டும். கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு அவர்களுடையது. கூடையை இறக்கிய கையோடு அடுப்பு மூட்டவும், தண்ணீர் சேந்தவும், ஆயாக்கொட்டகையிலிருந்து பிள்ளையை அழைத்துவரவும் அவர்களே வேண்டும். ஆடவர்க்கு மாலை என்பது வேலையின் முடிவு. பெண்டிர்க்கு அது இரண்டாம் வேலையின் தொடக்கம். தோட்டத்துக் கேளிக்கைகளைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் நாம் எழுதுவது பாதி வரலாறாகவே முடியும். தாலாட்டும், நடவுப்பாட்டின் மெட்டில் கொழுந்துமலையில் பாடிய பாட்டும், கும்மியும் பெண்டிர் தம் உழைப்பினூடே தாமே உண்டாக்கிக்கொண்ட கலைகள். அவற்றுக்குத் தனியே ஒரு மாலைப் பொழுது ஒதுக்கப்படவில்லை.

உழைப்பவனுக்கு ஓய்வுநேரம் உண்டு என்பதே உலகம் மெல்ல ஒப்புக்கொண்ட உண்மையாகும். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி தன் விருப்பம் என்னும் முழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் 1919-இல் ஆலைத் தொழிலாளர்க்கு எட்டு மணி வேலையை முதல் உடன்படிக்கையாக இயற்றியது. 1924-இல் தொழிலாளர் தம் ஓய்வுநேரத்தை எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பது குறித்தே தனிப் பரிந்துரை ஒன்றையும் வெளியிட்டது. போ தோட்டம் தோன்றியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. ஜெனிவாவின் தீர்மானம் தாப்பாப் பாதையின் வளைவுகளை அவ்வளவு எளிதில் கடந்துவிடவில்லை.

கள்ளுக்கடையும் கலைமேடையும்

மலாயாத் தோட்டங்களில் மாலைப் பொழுதின் மீது உரிமை கொண்டாடிய முதற்பொருள் கள். உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. காலையில் கொடுத்த கூலியின் ஒரு பகுதி மாலையில் அங்கே திரும்பிச் சென்றது. தென்னை காய்க்காத குளிர்மலையில் மதுவின் வடிவம் வேறாயிருக்கலாம். சிக்கலின் பொருள் வேறன்று. உழைத்துக் களைத்த உடல் தேடும் மயக்கமும், வீட்டில் காத்திருப்போர் படும் துன்பமும் எங்கும் ஒன்றே.

இதனை எதிர்த்தவர்கள் வெளியார் அல்லர், தோட்டத்து மக்களே. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்குங்கள். கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்டிர்க்குப் பாதுகாப்பு, துரைமார் முன் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் இழிவு நீங்குதல் ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். அவற்றோடு கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை! அந்த இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் தொண்டர் படை தோன்றியது. பகலெல்லாம் பால் வெட்டிய இளைஞர்கள் மாலையில் அணிவகுத்துப் பயின்றனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். பெடோங் வட்டாரத்தில் காவலரோடு மோதலும் நேர்ந்தது. மாலைப் பொழுது என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று, அது தன்மானத்தின் களம் என்பதை மலாயாத் தமிழ்த் தொழிலாளி அன்றே உணர்ந்திருந்தான்.

கள்ளுக்கு மாற்றாக நின்றவை கலையும் கல்வியும். மாரியம்மன் கோயில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நடுநாயகம். ஆண்டுத் திருவிழாவின்போது கரகமும் காவடியும் உறுமி மேளமும் கோயில் முற்றத்தை இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்தன. ஊரில் கண்ட கூத்தை நினைவில் சுமந்து வந்தோர் இங்கே மீண்டும் ஆடினர். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். ஆனால் அவர் யாத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் கடல் கடந்தும் மேடையேறிக்கொண்டேயிருந்தன. அரிக்கேன் விளக்கும், கோணிப்பையும், வேட்டித் திரையும் போதுமானவை. அரிச்சந்திரன் சுடலை காக்கும் காட்சியில் அழாத தோட்டம் எது? பொய் சொல்லாமைக்காக அரசைத் துறந்தவன் கதை, பிறந்த மண்ணைத் துறந்து வந்தோர் நெஞ்சில் வேறொரு பொருளோடு படிந்தது.

விழா இல்லாத நாட்களில் வாசிப்பு இருந்தது. எழுத்தறிந்தவர் ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை இராகத்தோடு படிக்க, சுற்றியிருந்தோர் கேட்பர். நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் இவ்வாறு லயத்துத் திண்ணைகளில் வாழ்ந்தன. பின்னர் அதே திண்ணையில் நாளேடு வந்தமர்ந்தது. 1924-இல் தோன்றிய தமிழ் நேசனும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் ஏடுகளாயின. படிக்கத் தெரியாதவனும் உலகச் செய்தி அறிந்தவனானான்.

1929-இன் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றார். சீர்திருத்தக் கருத்துகள் மேடை நாடகத்தின் பொருளையே மாற்றின. புராண அரசர் நின்ற இடத்தில் குடிகாரக் கணவனும், கைம்பெண்ணும், சாதியால் தள்ளப்பட்ட காதலரும் வந்து நின்றனர். 1952-இல் சாரங்கபாணி தொடங்கிவைத்த தமிழர் திருநாள், பொங்கலையொட்டித் தமிழரனைவரையும் ஒன்றுசேர்க்கும் விழாவாயிற்று. அதன் வழியே பேச்சுப் போட்டியும் நாடகப் போட்டியும் பரவின. 1950-களில் மாணவர் மணிமன்றமும், அதன் வழியில் எழுந்த இளைஞர் மணிமன்றங்களும் தோட்டத்து இளைஞர்க்கு மேடைப் பேச்சைக் கற்பித்தன. இன்று மூத்த எழுத்தாளர் பலர் தம் முதல் கவிதையை அரங்கேற்றியது அத்தகைய மாலைக் கூட்டங்களிலேதான்.

இருள் கவிந்த ஆண்டுகள்

மலாயாத் தோட்டங்களின் மாலைப் பொழுது இருமுறை பறிக்கப்பட்டது. முதலாவது சப்பானியர் காலம். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது, இலவசப் படக்காட்சி என்று விளம்பரம் செய்து, கொட்டகை நிறைந்தவுடன் கதவுகளை அடைத்து, உள்ளே இருந்த ஆடவரை வண்டியேற்றிய நிகழ்ச்சிகள் வரலாற்றில் பதிவாகியுள்ளன. கேளிக்கை கண்ணியாகிய கொடுமை இது. ஒரு மாலைப் பொழுதைப் படம் பார்த்துக் கழிக்கச் சென்றவன் வீடு திரும்பவேயில்லை. அந்தப் பாதையில் மாண்ட தமிழர் பல்லாயிரவர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’ புதினம் அத்துயரை நம் இலக்கியத்தில் நிலைநிறுத்தியது.

இரண்டாவது அவசரகாலம். 1948 சூனில் அறிவிக்கப்பட்டு 1960 சூலை 31-இல் நீங்கிய அப்பன்னிரண்டு ஆண்டுகளும் காட்டோரத் தோட்டங்களை முள்வேலிக்குள் வைத்தன. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறியிருந்த குடியிருப்புகள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. காட்டிலுள்ளோர்க்கு உணவு சென்றுவிடும் என்னும் அச்சத்தால், வேலைத்தளத்துக்குச் சோறு கொண்டுசெல்வதற்கும் தடை வந்தது. மாலையானால் ஊரடங்கு. கேமரன் மலையோ நாற்புறமும் அடர்ந்த காடு சூழ்ந்த இடம். கூத்தின் உயிரே விடியும்வரை ஆடுவதில் உள்ளது. ஊரடங்குக்குள் அடங்கும் கூத்து ஏது? பன்னிரண்டு ஆண்டுகள் என்பது ஒரு சிறுவன் இளைஞனாகும் காலம். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர வேண்டிய ஒரு தலைமுறை, கதவடைத்த லயத்துக்குள் வளர்ந்தது. மரபு அறுபடுவதற்குப் பகைவன் வந்து அதனைத் தடைசெய்ய வேண்டுவதில்லை. பொழுதைப் பறித்தாலே போதும்.

வெண்திரையும் வானொலியும்

அடைபட்ட மாலைக்குள் புகுந்தவை இரண்டு ஒலிகள். 1946-இல் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பு ஒன்று. அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலர் கூடிக் கேட்கும் வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசின் செய்தியைப் பரப்புவது அவற்றின் நோக்கம். மக்கள் அவற்றில் தேடியதோ பாட்டையும் நாடகத்தையும். வானொலி நாடகத்துக்கு எழுதிப் பழகியவர்களே பின்னாளில் இந்நாட்டுத் தமிழ்ப் புனைகதைக்கும் வளம் சேர்த்தனர்.

மற்றொன்று நடமாடும் படக்காட்சி. 1946-இல் அமைந்த மலாயாத் திரைப்படப் பிரிவு பல மொழிகளில் செய்திப் படங்களை எடுத்தது. தகவல் இலாகாவின் வண்டிகள் அவற்றைத் தோட்டந்தோறும் கொண்டுசென்றன. திடலில் வெண்திரை கட்டப்படும். அரசின் அறிவுரைப் படம் முதலில். மக்கள் காத்திருந்த படம் பின்னர். பாய் விரித்து, போர்வை போர்த்து, திரைக்கு முன்னும் பின்னும் அமர்ந்து பார்த்தனர். பின்னால் இருந்தவர்க்கு எழுத்து இடவலமாய்த் தெரியும், கதை மாறாது! கூத்தில் அரிச்சந்திரனைக் கண்டு அழுத கண்கள் திரையில் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் கண்டன. இம்மாற்றத்தில் ஓர் இழப்பு மறைந்திருந்தது. கூத்தில் ஆடியவன் பக்கத்து லயத்துக்காரன். திரையில் ஆடியவன் எட்டாத தொலைவிலிருந்தவன். ஆடுவோனாகவும் இருந்த தோட்டத்தான் காண்போனாக மட்டும் ஆகிவிட்டான். 1963 திசம்பர் 28-இல் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிற்று. அது லயத்துக்குள் நுழைந்தபின் திடலும் வெறிச்சோடியது.

1967 மார்ச்சு 26-ஆம் நாள், தாய்லாந்துப் பட்டுத் தொழிலில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்னும் அமெரிக்கர் கேமரன் மலையில் விருந்தினராய்த் தங்கியிருந்தபோது நடக்கச் சென்று மறைந்துபோனார். உலக நாளேடுகள் அந்த ஒரு பிற்பகலைப் பற்றி எழுதின. நூல்கள் பல வந்தன. அவர் மறைவு துயரமானதே. ஆயினும், அதே மலையில் ஆயிரக்கணக்கான மாலைகள் பாட்டோடும் கூத்தோடும் கழிந்து மறைந்தன. அவற்றைத் தேடிக் காட்டுக்குள் சென்றவர் யார்? தோட்டத்துக் கணக்கேடுகள் கொழுந்தின் நிறையை எழுதின. கொழுந்து பறித்தவளின் பாட்டை எழுதவில்லை.

இலங்கை மலையகத்தை இங்கே ஒப்புநோக்குதல் தகும். அங்கும் தேயிலை, அங்கும் லயம், அங்கும் தமிழர். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அம்மலைகளில் நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையக மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து ஏட்டில் ஏற்றினர். தோட்டத்திலேயே பிறந்த ஒருவர் தம் மக்களின் பாடலைச் செவிமடுத்ததால் அது நிகழ்ந்தது. அத்தகைய செவிகள் நமக்கும் வேண்டும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இன்று கேமரன் மலையின் சரிவுகளில் கொழுந்தெடுப்போருள் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். கைவிரலால் பறித்த இடத்தில் கத்தரிக்கோலும் இயந்திரமும் வந்துவிட்டன. பழைய குடும்பத்தாரின் பிள்ளைகள் பலர் படித்து நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். அது வரவேற்கத்தக்க உயர்வே. கொழுந்துக்கூடையைப் பேரன் தோளிலும் ஏற்றவேண்டும் என்று எந்தப் பாட்டியும் விரும்பியதில்லை. ஆனால் கூடையை இறக்கிவைத்தபோது அதனோடு பாட்டையும் இறக்கிவைத்துவிட்டோமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலையிலும் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. ஆசிரியர்கள் மாணவர்க்கு ஒரு சிறு பணி தரலாம். வீட்டில் உள்ள மூத்தோரை அணுகி, “வேலை முடிந்து வந்தபின் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டு வரச் சொல்லலாம். “எவ்வளவு உழைத்தீர்கள்?” என்று கேட்டால் அவர்கள் கூலியைச் சொல்வார்கள், துன்பத்தைச் சொல்வார்கள். மாலைப் பொழுதைக் கேட்டால் பாடுவார்கள். திருவிழாவில் வேடம் கட்டியவர் யார், வசனம் சொல்லிக்கொடுத்தவர் யார், திரைகட்டிய மரம் எது என்பவையெல்லாம் வெளிவரும். அவற்றை எழுதி வைத்தால் அதுவே வரலாறு.

இன்றைய தொழிலாளியும் மாலையில் அதே லயத்துப் படியில் அமர்கிறான். கையிலிருக்கும் தொலைபேசியில் தன் ஊர்ப் பாட்டைத் தன் மொழியில் கேட்கிறான். நம் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து நல்லதங்காள் கதை கேட்டதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அவனைக் காணும்போது அயலான் என்று முகம் திருப்பாமல், நம் குடும்பத்தின் பழைய மாலைப் பொழுதொன்று மீண்டும் அங்கே அமர்ந்திருக்கிறது என்று எண்ணுவோமாக. பகல் பிறர்க்கு உரியதாய் இருந்த காலத்தில், தம் மாலையைத் தாமே ஆண்ட மக்களின் வழிவந்தோர் நாம். அந்த மாலையை மறவாதிருத்தல் நம் கடமையாகும்.